குறைந்த செலவில் நிறைந்த ஒலி

தமிழகத்தின் எல்லையைக் கடந்து தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் வாழும் தமிழ் மக்களுக்குத் தாய்மொழி பெரும்பாலும் செவி வழியாகவே வந்து சேருகிறது. தெருவில் ஒரு மொழி, அலுவலகத்தில் வேறொரு மொழி என்று பகற்பொழுது கழிகிறது. ஊரிலிருந்து அழைக்கும் பெற்றோரின் குரலும், தமிழ்ச் செய்தியும், மார்கழி மாதத்துக் கச்சேரியும் ஒரு சிறு கருவியின் மூலமாகவே நம்மை அடைகின்றன. ஆகவே அக்கருவியைத் தேர்ந்தெடுப்பது செல்வர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அன்று. மாதச் சம்பளத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்பிய பின் எஞ்சுவதைக் கொண்டு வாழ்கின்றவர்க்கே இதில் அதிகக் கவனம் தேவைப்படுகிறது.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் சந்தையிலும், மும்பையின் லாமிங்டன் சாலையிலும், கொல்கத்தாவின் சாந்தினி சந்தையிலும், பெங்களூரின் எஸ். பி. சாலையிலும் ஹெட்போன்களும் ஸ்பீக்கர்களும் குவிந்து கிடக்கின்றன. நூறு ரூபாய்க்கும் கிடைக்கின்றன. பல்லாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கின்றன. கடைக்காரர் உரத்த ஒலியைக் காட்டி விற்கிறார். நாம் கூற விரும்புவது இதற்கு நேர்மாறானது. குறைந்த பணம் வைத்திருப்பவர் வாங்க வேண்டியது உரத்த ஒலியை அன்று, அமைதியை. வெளி இரைச்சலைத் தடுத்து, மெல்லிய ஒலியையும் தெளிவாகக் கேட்கச் செய்யும் கருவியே நற்கருவி. அது செவிக்கும் நலம், பணப்பைக்கும் நலம்.

ஹெட்போன் என்பது புதுமையான பொருள் அன்று. அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தேனியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை 1910-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. சென்னையில் 1924-ஆம் ஆண்டில் மதராஸ் மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்தின் எளிய படிக வானொலிக் கருவிகளில் ஒலியைப் பெருக்கும் பகுதி இல்லாமையால் அவற்றை ஹெட்போன் வைத்தே கேட்க வேண்டியிருந்தது. பின்னர் ஒலிபெருக்கியுடன் கூடிய வானொலிப் பெட்டிகள் வந்து, குடும்பம் முழுவதும் ஒன்றாக அமர்ந்து கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. 1979-ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மேன் கருவியை வெளியிட்டது முதல், நடந்துகொண்டே தனித்துக் கேட்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது. அப்பழக்கம் செல்பேசியோடு சேர்ந்து இன்று நம் எல்லோரிடமும் குடிகொண்டுள்ளது.

வாங்கச் செல்லுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: எங்கே இருந்து கேட்கப் போகிறோம்? ரயிலிலும் பேருந்திலும் கேட்பவர் ஒரு வகை. நால்வர் பகிர்ந்து வாழும் அறையில் இரவில் கேட்பவர் இன்னொரு வகை. குடும்பத்தோடு வீட்டில் கேட்பவர் மூன்றாவது வகை. இம்மூவர்க்கும் ஒரே கருவி பொருந்தாது.

முதலில் பயணம் செய்வோரை எடுத்துக்கொள்வோம். ஓடும் ரயில் பெட்டிக்குள் இரைச்சல் 80 டெசிபெல் அளவை எளிதில் எட்டுகிறது. காதின் வாயிலில் தொங்கும் சாதாரண இயர்போனை அணிந்தால் அவ்விரைச்சல் முழுவதும் உள்ளே நுழையும். சொற்கள் விளங்கவேண்டுமானால் அதற்கு மேலும் ஒலியை உயர்த்த நேரிடும். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று வரையறுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறைகிறது; 90 டெசிபெல்லில் வாரத்துக்கு 4 மணி நேரமே எஞ்சுகிறது. நாள்தோறும் 2 மணி நேரம், வாரத்தில் 6 நாட்கள் பயணம் செய்யும் ஒருவர் 12 மணி நேரம் கேட்கிறார். அவர் 90 டெசிபெல்லில் கேட்பாரானால் உரிய அளவைப் போல் மூன்று மடங்கு ஒலியைத் தம் செவியில் ஏற்றிக்கொள்கிறார் என்பது கணக்கு. பகல் முழுவதும் இயந்திரங்களுக்கிடையே உழைப்பவர்க்கு இந்த அளவும் முன்னதாகவே செலவழிந்து விடும்.

இதனால் விளையும் கேடு யாது? உட்செவியில் நத்தை வடிவான உறுப்பு ஒன்று உள்ளது. அதில் நுண்ணிய மயிர் போன்ற அமைப்புகளை உடைய உணர்வணுக்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுவன அவையே. மிகுந்த ஒலியால் அவை அழிந்துவிட்டால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. பழுதான ஹெட்போனை மாற்றலாம். பழுதான செவியை மாற்ற இயலாது. கேட்டு முடித்தபின் காதில் ரீங்காரம் எழுந்தாலும், பிறர் பேச்சு பஞ்சு வைத்தாற்போல் மங்கினாலும் அதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். அந்நிலை நீடித்தால் காது மருத்துவரை நாட வேண்டும்.

பயணிகளுக்கு உகந்தது காதினுள் செருகி அடைத்துக்கொள்ளும் இயர்போன். அதன் மென்ரப்பர் முனை நன்கு பொருந்தினால் வெளி இரைச்சல் 15 முதல் 20 டெசிபெல் வரை குறையக்கூடும். பெட்டியில் சிறிதும் நடுத்தரமும் பெரிதுமாக மூன்று அளவு முனைகள் கொடுக்கப்படுவது அலங்காரத்துக்காக அன்று. மூன்றையும் அணிந்து பார்த்து, எதில் மிருதங்கத்தின் கீழ்நாதம் நிறைவாகக் கேட்கிறதோ அதைக் கொள்க. பொருத்தம் தளர்ந்தால் முதலில் மறைவது கீழ்நாதமே. விலையுயர்ந்த இயர்போனும் பொருந்தாவிட்டால் தகரம் போல் ஒலிக்கும்.

இரைச்சலை மின்னணு முறையில் தணிக்கும் ஹெட்போன்களும் உண்டு. வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்றவரின் மகனான அமர் போஸ், 1978-ஆம் ஆண்டில் ஒரு விமானப் பயணத்தின்போது இவ்வழியில் சிந்திக்கத் தொடங்கினார். இவ்வகைக் கருவி இயந்திர உறுமல், விசிறியோசை போன்ற இடையறாத தாழ்ந்த இரைச்சலை நன்கு தணிக்கிறது. அருகிலுள்ளோர் பேச்சை அவ்வளவாகத் தணிப்பதில்லை. மலிவுக் கருவிகளில் இவ்வசதி பெயரளவில் இருப்பதும் உண்டு. பணம் குறைவாயின், நன்கு பொருந்தும் ரப்பர் முனையே சிறந்த இரைச்சல் தடுப்பு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சாலையைக் கடக்கும்போதும், ரயில் தண்டவாளத்துக்கு அருகில் நடக்கும்போதும் காதில் எதுவும் இருத்தல் கூடாது.

அடுத்து, கம்பியுள்ளதா, கம்பியில்லாததா என்னும் வினா. ஒரே விலையில் இரண்டையும் ஒப்பிட்டால் கம்பியுள்ளதே பெரும்பாலும் நல்ல ஒலியைத் தருகிறது. கம்பியில்லாக் கருவியில் நாம் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி பாட்டரிக்கும் ரேடியோப் பகுதிக்கும் போய்விடுகிறது. காதில் மட்டும் செருகும் சிறு கருவிகளின் பாட்டரி சில ஆண்டுகளில் வலுவிழக்கிறது. அதை மாற்றுவது அரிது. மேலும், புளூடூத் வழியே தொலைபேசியில் உரையாடும்போது ஒலியின் தரம் இசை கேட்கும்போது உள்ளதைக் காட்டிலும் வெகுவாகக் குறையும். ஊரிலுள்ள தாயோடு நெடுநேரம் பேசுகிறவர்க்கு மைக் பொருத்திய கம்பி இயர்போனே தெளிவு தரும். வானொலி வசதியுள்ள செல்பேசிகளில் இயர்போன் கம்பியே பண்பலை வானொலிக்கு ஏரியலாகவும் பயன்படுகிறது. எனினும் நின்றபடி வேலை செய்வோர்க்கும் நெரிசலில் பயணம் செய்வோர்க்கும் கம்பி இடையூறாகலாம். அவர்கள் கழுத்தில் தொங்கும் நெக்பேண்ட் வகையைக் கொள்ளலாம். அதில் பாட்டரி சற்றுப் பெரிது. கருவி எளிதில் தொலையாது.

பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள எண்களைக் கண்டு மயங்குதல் வேண்டா. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்பது மனிதச் செவியின் எல்லை. அதை நல்ல கருவியும் அச்சிடுகிறது, மட்டமான கருவியும் அச்சிடுகிறது. அவ்வெல்லைக்குள் ஒலி எவ்வளவு சீராக வருகிறது என்பதே பொருட்டு. அதைப் பெட்டி சொல்வதில்லை. மத்திய அலை வானொலி ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு உட்பட்டே ஒலித்தது. தலைமுறை தலைமுறையாக மக்கள் அதில் செய்தியும் நாடகமும் கேட்டு மகிழ்ந்தனர். ஓம் என்னும் அளவு செல்பேசிக்கு 16 முதல் 32 வரை இருந்தால் போதும். 250, 300 ஓம் உள்ளவை கலையகங்களுக்கு உரியவை. அவற்றுக்குத் தனிப் பெருக்கி தேவைப்படும். ஸ்பீக்கர்களில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று ஆயிரக்கணக்கான வாட் குறித்திருந்தால் அதனைப் பொருட்படுத்த வேண்டா. ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறித்த வாட் அளவே நம்பத்தக்கது.

கடையில் சோதிக்கும் முறையையும் கூறுவோம். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருத்தல் வேண்டும். சற்று உரத்து ஒலிப்பதே இனிமையாகத் தோன்றுவது செவியின் இயல்பு. விற்பனையாளர் அதை அறிவார். நாம் நன்கு பழகிய ஒலிப்பதிவுகளைச் செல்பேசியில் எடுத்துச் செல்வது நலம். முதலில் தமிழ்ச் செய்தி ஒன்றைக் கேட்க வேண்டும். லகர, ளகர, ழகரங்கள் வேறுபட்டு ஒலிக்கின்றனவா? சகர ஓசை காதைக் குத்தாமல் வருகிறதா? பிறகு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைக் கேட்க வேண்டும். திருச்சியில் பிறந்து, 1907-ஆம் ஆண்டில் அரசுப் பணிக்காகக் கல்கத்தா சென்ற சி. வி. இராமன், மிருதங்கத்தின் வலந்தலை மற்ற முரசுகளைப் போலன்றி இசைவான மேற்சுரங்களை எழுப்புகிறது என்பதை 1920-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். வலந்தலையின் சுருதி தெளிவாகவும், இடந்தலையின் கீழ்நாதம் அதனை மூழ்கடிக்காமலும் கேட்குமாயின் அக்கருவி நற்கருவி. வெறும் இடிமுழக்கமே கேட்குமாயின் விலை எதுவாயினும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பகிர்ந்து வாழும் அறையில் இரவில் கேட்பவர்க்குக் காதை முழுதும் மூடும் ஹெட்போன் உதவும். அதன் ஒலி வெளியே கசியாது; உறங்குவோர்க்கு இடையூறில்லை. வாங்குமுன் கால் மணி நேரமாவது அணிந்து பார்ப்பது நன்று. தலையை இறுக்குவதும், கோடையில் காதை வேர்க்கச் செய்வதும் பின்னர் அதனை மூலையில் கிடத்திவிடும்.

குடும்பத்தோடு வாழ்வோர்க்கு ஹெட்போனைக் காட்டிலும் ஒரு சிறு ஸ்பீக்கர் ஏற்றது. வேற்று மொழிச் சூழலில் வளரும் குழந்தைகளின் செவியில் தமிழ் விழ வேண்டுமானால் வீட்டில் அது வெளிப்படையாக ஒலிக்க வேண்டும்; ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியே அடைபட்டுக் கிடந்தால் போதாது. முதியோர்க்கு உயர்ந்த ஓசைகளே முதலில் மங்குகின்றன. மெய்யெழுத்துக்களின் தெளிவு அவ்வோசைகளில்தான் உள்ளது. ஆகவே அவர்களுக்காகப் பெரிய ஸ்பீக்கர் வாங்குவதால் பயனில்லை; உள்ள ஸ்பீக்கரை அருகில் வைக்க வேண்டும். தொலைவு பாதியானால் நேரே வரும் ஒலி 6 டெசிபெல் கூடும். அதே உயர்வை மின்திறனால் பெற நான்கு மடங்கு வாட் வேண்டும். சுவர் மூலையில் வைத்தால் கீழ்நாதம் பெருகிப் பேச்சு குழம்பும். மூலையிலிருந்து நகர்த்திக் காதின் உயரத்தில் வைப்பதற்குக் காசு செலவில்லை.

இனிச் செலவுத் திட்டம். கம்பி இயர்போனுக்கு ரூ. 500 முதல் ரூ. 1,000 வரை ஒதுக்கினால் இன்றைய சந்தையில் குறைசொல்ல இயலாத கருவி கிடைக்கும். ரூ. 2,000 கையில் உள்ள குடும்பத்தினர், அதனை ஒரே பகட்டான கருவியில் போடாமல், பயணிப்பவர்க்கு ஓர் இயர்போனும் வீட்டுக்கு ஒரு சிறு ஸ்பீக்கருமாகப் பகிர்ந்துகொள்ளலாம். கம்பியைத் தனியே கழற்றி மாற்றக்கூடிய இயர்போன் நெடுநாள் உழைக்கும், ஏனெனில் பெரும்பாலும் முதலில் அறுவது கம்பியே. செல்பேசியில் வட்டத் துளை இல்லையெனில் அதற்குரிய இணைப்பானையும் சேர்த்து, அந்தச் செல்பேசியிலேயே பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும். எல்லா இணைப்பானும் எல்லாச் செல்பேசிக்கும் பொருந்துவதில்லை.

பெயர்பெற்ற நிறுவனங்களின் போலிச் சரக்குகள் சந்தைகளில் மிகுதி. நம்பமுடியாத விலைக் குறைவே போலியின் முதல் அடையாளம். கம்பியில்லா ஹெட்போனில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவ்வெண்ணை அவ்வமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். ரசீது கேட்டுப் பெறுவதற்குத் தயங்குதல் கூடாது. மொழி தெரியாத ஊரில் கடைக்காரரோடு வாதிட இயலாதவர்க்கும் கையிலுள்ள ரசீது பேசும். குறை தீராவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

கருவியை வாங்கிய பின்னும் ஒரு கடமை எஞ்சுகிறது. அமைதியான அறையில் தெளிவாகக் கேட்கும் ஒலியளவை ஒருமுறை குறித்துக்கொண்டு, வெளியிலும் அதனை ஒட்டியே கேட்கப் பழக வேண்டும். மணிக்கு ஒருமுறை சில நிமிடம் செவிக்கு ஓய்வளிக்க வேண்டும். இவ்வாறு பேணினால், ஐந்நூறு ரூபாய் இயர்போனிலும் ஊரின் குரலை முதுமை வரை தெளிவாகக் கேட்டு மகிழலாம்.