ஜிபிஏ குறைவா? கவலைப்படுமுன் கணக்கைப் பாருங்கள்

செமஸ்டர் ரிசல்ட் வந்தாச்சு. திரையில் 2.5.

"போச்சு, இனி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காது" என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்தால், அதை எப்படி உயர்த்தலாம் என்பதும் தெரியும்.

ஜிபிஏ எப்படிக் கணக்கிடப்படுகிறது?

சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் ஜிபிஏ 4.0க்குக் கணக்கிடப்படுகிறது. ஏ என்றால் 4.0, பி+ 3.5, பி 3.0, சி+ 2.5, சி 2.0, டி+ 1.5, டி 1.0. ஃபெயில் என்றால் 0.

ஆனால் எல்லாப் பாடங்களுக்கும் ஒரே மதிப்பு இல்லை. ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிரெடிட் என்று உண்டு. கிரேடுக்குரிய புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் ஜிபிஏ வந்துவிடும்.

ஒரு மாணவரின் செமஸ்டர் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

• 6 கிரெடிட் பாடம்: பி (18 புள்ளி)
• 4 கிரெடிட் பாடம்: ஏ (16 புள்ளி)
• 4 கிரெடிட் பாடம்: பி+ (14 புள்ளி)
• 4 கிரெடிட் பாடம்: சி+ (10 புள்ளி)
• 2 கிரெடிட் பாடம்: டி (2 புள்ளி)

மொத்தம் 60 புள்ளி, 20 கிரெடிட். ஜிபிஏ 3.0.

அந்த டியை நினைத்து அவர் தூக்கத்தைத் தொலைத்திருக்கலாம். ஆனால் அதை சி ஆக உயர்த்தியிருந்தால் ஜிபிஏ 0.1தான் கூடியிருக்கும். 6 கிரெடிட் பாடத்தில் பிக்குப் பதில் ஏ எடுத்திருந்தால் 0.3 கூடியிருக்கும். இரண்டிலும் கிரேடு புள்ளி உயர்வது ஒன்றுதான். கிரெடிட்தான் வித்தியாசம்.

எப்போது விழித்துக்கொள்வது?

முதல் ஆண்டிலேயே. இது அறிவுரை இல்லைங்க, கணக்கு.

மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர், ஒவ்வொன்றிலும் 20 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் செமஸ்டரில் 2.5 வாங்கியவர் 3.0 உடன் படிப்பை முடிக்க வேண்டுமென்றால், மீதி ஐந்து செமஸ்டரிலும் சராசரியாக 3.1 எடுத்தால் போதும்.

அதே 2.5 நிலையில் நான்கு செமஸ்டர் ஓடிவிட்டால்? கடைசி இரண்டு செமஸ்டரிலும் ஒவ்வொரு பாடத்திலும் ஏ எடுக்க வேண்டும். ஒரு பி+ வந்தாலும் 3.0 எட்டாது.

"கடைசி ஆண்டில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

"அக்கா 4.0 எடுத்தாளே, உனக்கு ஏன் 3.5?"

வீட்டில் இப்படி ஒரு கேள்வி வருகிறதா? அக்கா படிப்பது எங்கே என்று பாருங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஜிபிஏவை 5.0க்குக் கணக்கிடுகின்றன. அங்கே பி+ என்றால் 4.0. உங்கள் கல்லூரியில் அதே பி+ 3.5. இரண்டு பேரும் சராசரியாக எடுத்திருப்பது பி+ தான்! எத்தனைக்கு எத்தனை என்று தெரியாமல் எண்களை ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை.

சரி, உயர்த்துவது எப்படி?

செமஸ்டர் தொடங்கியதும் பாடங்களைக் கிரெடிட் வரிசையில் எழுதுங்கள். அதிகக் கிரெடிட் உள்ள பாடத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பாஸ், ஃபெயில் என்று மட்டும் குறிக்கப்படும் பாடங்கள் பொதுவாக ஜிபிஏவில் சேராது. ஆனாலும் பாஸாக வேண்டுமே, விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, மதிப்பெண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பல பாடங்களில் அசைன்மென்ட், குழு ப்ராஜெக்ட், சிறு தேர்வு எல்லாம் சேர்ந்துதான் கிரேடு. தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் உட்கார்ந்து படித்தால், ஏற்கனவே போன மதிப்பெண் திரும்பி வராது.

முதல் அசைன்மென்டில் குறைவா? உடனே விரிவுரையாளரைப் போய்ப் பாருங்கள். "எங்கே மதிப்பெண் போச்சு?" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. ஃபெயிலான பாடத்தைத் திரும்ப எடுத்தால் ஜிபிஏவில் எப்படிச் சேரும் என்பதையும் கல்லூரியிடமே கேளுங்கள். நண்பர் சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பகுதிநேர வேலை, வீட்டுப் பிரச்சினை, மன உளைச்சல் போன்றவை காரணமாக இருந்தால், கல்லூரியின் மாணவர் ஆலோசகரிடம் சீக்கிரமே பேசுங்கள்.

ஜிபிஏ முக்கியம்தான். பல்கலைக்கழகங்கள் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அதைப் பார்க்கின்றன. ஆனால் திறன் அடிப்படையிலான சேர்க்கையும் இருக்கிறது. நேர்காணல், நீங்கள் செய்த ப்ராஜெக்ட், வேலைப் பயிற்சி ஆகியவையும் கைகொடுக்கலாம்.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். இதுவரை முடித்த கிரெடிட் எத்தனை, மீதி எத்தனை, இனி சராசரியாக எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. அதன்பின் எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.