3,000 வயதுக் குதிரை, தேவாலயத்துப் பக்கத்தில் கழுதைப்புலிக் குகை! இங்கிலாந்துக் கிராமப்புறம் பற்றி இதெல்லாம் தெரியுமா?

நீளம் 110 மீட்டர். வயது ஏறக்குறைய 3,000. தீனி கேட்காது, தண்ணீர் கேட்காது. ஆனால் ஆட்கள் வந்து சுத்தியலால் தட்டிவிட்டுப் போகாவிட்டால் காணாமல் போய்விடும். அப்படி ஒரு குதிரை இங்கிலாந்தில் இருக்கிறது, தெரியுமா?

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் அஃபிங்டன் என்ற சிற்றூருக்கு மேலே, பச்சைக் குன்றின் சரிவில் அது பாய்ந்து ஓடுகிறது. புல்லை வெட்டி, பள்ளம் தோண்டி, அதில் சாக் எனப்படும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையை இடித்து நிரப்பி வரைந்த உருவம். 1990-களில் பள்ளத்தின் அடிமண்ணை ஆராய்ந்தார்கள். மண் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்று சொல்லும் சோதனை ஒன்று உண்டு! அதன்படி கி.மு. 1380-க்கும் கி.மு. 550-க்கும் இடைப்பட்ட காலத்தில் உருவானது இந்தக் குதிரை. ரோமானியப் படை வரவில்லை, கிறிஸ்தவம் பிறக்கவே இல்லை, அந்தத் தீவில் ஆங்கிலம் பேச ஓர் ஆள் கிடையாது. குதிரை மட்டும் இருந்தது.

வயதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. கொஞ்ச காலம் கவனிக்காமல் விட்டாலே போதும், புல் மூடிவிடும். அப்படியென்றால் 3,000 ஆண்டுகளாக யாராவது ஒருவர் சுரண்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும் அல்லவா! ராஜாக்கள் மாறினார்கள், சாமி மாறியது, மொழி மாறியது, இந்த வேலை மட்டும் நிற்கவில்லை. ஒரு காலத்தில் இதையே திருவிழாவாக்கி, மல்யுத்தம் நடத்தி, பாலாடைக்கட்டிச் சக்கரங்களைச் சரிவில் உருட்டிவிட்டுத் துரத்தினார்கள். இன்று நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் தொண்டர்கள் கோடையில் மண்டியிட்டுச் சாக்கைத் தட்டுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானிகள் வழி கண்டுபிடித்துவிடக் கூடாது என்று குதிரையையே போர்த்தி மூடிவைத்தார்கள்! இன்னொன்று: பக்கத்தில் போய் நின்றால் வளைந்து நெளியும் வெள்ளைக் கோடுகள்தான் தெரியும். முழுக் குதிரையும் சரியாகத் தெரிவது வானத்திலிருந்து. பறக்கத் தெரியாதவர்கள் அதை யாருக்காக வரைந்தார்கள்?

'டவுன்ஸ்' என்று அழைக்கப்படும் தெற்கு இங்கிலாந்தின் இந்தக் குன்றுகள் முழுக்க முழுக்கச் சாக் பாறை. டைனோசர்கள் திரிந்த காலத்தில் வெதுவெதுப்பான கடலின் அடியில் கோடிக்கோடியாகப் படிந்த நுண்பாசிகளின் ஓடுகள்தான் அந்த வெள்ளை. மேலே புல் ஒரு மெல்லிய போர்வை, அவ்வளவுதான். கிழித்தால் வெள்ளை! அதனால்தான் ஆளாளுக்கு வரைந்து தள்ளியிருக்கிறார்கள். டார்செட்டில் செர்ன் அப்பாஸ் அரக்கன், 55 மீட்டர் உயரம், பிறந்த மேனியாக, கையில் கதாயுதத்தோடு நிற்கிறான். வரலாற்றுக்கு முந்தையவன் என்றார்கள் சிலர். இல்லை, 17-ஆம் நூற்றாண்டில் யாரோ செய்த அரசியல் கேலி என்றார்கள் வேறு சிலர். 2021-ல் மண் சோதனை முடிவு வந்தது: கி.பி. 700 முதல் 1100-க்குள். இரண்டு கட்சிக்கும் தோல்வி! சஸ்ஸெக்ஸில் வில்மிங்டன் நெட்டை மனிதன் 72 மீட்டர். தொலைவிலிருந்து பார்த்தால் ஆதிகாலத்து ஆசாமி போலிருப்பார். கிட்டே போனால் அவருடைய கோடுகள் வெள்ளையடித்த கான்கிரீட் கட்டிகள்!

இந்தப் புல்வெளி தானாக வளர்ந்த இயற்கை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஆடு மேய்ந்து மேய்ந்து உண்டானது. ஆட்டை நிறுத்தினால் புதரும் மரமும் ஏறிவிடும். ஆடு கடித்துக் குட்டையாக வைத்திருப்பதால்தான் ஒரே சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள்வரை முளைக்கின்றன. புல் ஒரு விரற்கடை உயர்ந்தால் என்ன ஆகும்? ஒரு வண்ணத்துப்பூச்சி இனமே அழியும். அழிந்தது!

லார்ஜ் புளூ என்ற நீல வண்ணத்துப்பூச்சியின் கதையை எந்தத் துப்பறியும் நாவலும் மிஞ்ச முடியாது. அதன் புழு காட்டு தைம் பூவைக் கொஞ்ச நாள் தின்றுவிட்டுத் தரையில் விழும். அங்கே வரும் சிவப்பு எறும்பு, அதன் வாசனையில் ஏமாந்து, 'ஐயோ, நம் குஞ்சு வழிதவறிவிட்டதே' என்று தூக்கிக்கொண்டு புற்றுக்குள் ஓடும். உள்ளே போன புழு எறும்பு ராணியின் சத்தத்தைக்கூடப் போலி செய்து உபசாரம் பெற்றுக்கொண்டு, எறும்பின் குஞ்சுகளையே மாதக்கணக்கில் தின்று கொழுக்கும்! இந்தத் திருட்டு விருந்தாளிக்கு ஒரே ஒரு வகை எறும்புதான் சரிப்படும். அந்த எறும்புக்கோ வெயில் சுடும் குட்டைப் புல் வேண்டும். 1950-களில் நோய் வந்து முயல்கள் செத்தன, மேய்ச்சலும் குறைந்தது, புல் வளர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போனது, 1979-ல் பிரிட்டனின் கடைசி லார்ஜ் புளூவும் போனது. பூவைக் காப்பாற்றப் பார்த்தார்கள், பூச்சி பிடிப்பவர்களைத் துரத்தினார்கள். குற்றவாளி புல்லின் உயரம் என்பதை ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. அப்புறம்? ஸ்வீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து 1983-ல் மறுபடி குடியேற்றினார்கள். மாடும் ஆடும் மேய்ந்து கொடுத்த சரிவுகளில் இன்று அது பறக்கிறது. பார்க்க ஆசையா? ஜூன் மாதத்தில் சாமர்செட்டின் காலர்ட் ஹில்லுக்குப் போங்கள்.

சரி, சாக் குன்றில் குடிநீருக்கு என்ன செய்தார்கள்? மழை பெய்த நீரைப் பாறை அப்படியே உறிஞ்சி அடியில் கொண்டுபோய்விடும். மேட்டு ஊர்க்காரர்கள் குட்டைத் தண்ணீரை நம்பித் தவித்தார்கள். அந்தத் தவிப்பைத் தீர்த்தவர் யார் தெரியுமா? காசி மகாராஜா! சில்டர்ன் குன்றுகளில் உள்ள ஸ்டோக் ரோ கிராமத்தின் தண்ணீர்க் கஷ்டத்தை, அந்தப் பக்கத்தைச் சேர்ந்த எட்வர்டு ரீட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காசியில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டான் என்று ஒரு சிறுவனுக்கு அடி விழுந்த கதையையும் சொல்லியிருக்கிறார். மகாராஜா மறக்கவில்லை. அவர் பணத்தில், நாலடி அகலத்தில், 368 அடி ஆழத்துக்குக் கையாலேயே தோண்டினார்கள்! லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தைத் தூக்கி உள்ளே நிறுத்தினாலும் கோபுர உச்சி வெளியே தெரியாத ஆழம். 1864-ல் திறந்தார்கள். கிணற்றின் மேலே விதானம், அதற்குக் கீழே தங்க நிற யானை. பராமரிப்புச் செலவுக்கு ஒரு செர்ரித் தோப்பும் வைத்துக்கொடுத்தார்! ஏழை நாட்டுக்கு வெள்ளைக்காரன் உதவிய கதைகளையே கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கிணறு கொஞ்சம் குளிர்ச்சி.

தெற்கே டவுன்ஸில் ஒரு சுடுகாடும் இருந்தது. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு பிரைட்டன் நகரின் ராயல் பெவிலியன் அரண்மனையையே மருத்துவமனையாக்கினார்கள். பிரைட்டனில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை நகருக்கு மேலே, பேட்சம் அருகில், திறந்த புல்வெளியில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் எழுந்த வெள்ளைப் பளிங்குச் சத்ரி இன்றும் நிற்கிறது. கார் போகாது, நடந்துதான் ஏற வேண்டும். ஏறுங்கள்.

கிழக்கே கக்மியர் பள்ளத்தாக்கில் நடக்க நடக்க அதிசயம். லல்லிங்டன் தேவாலயம் சுமார் 16 அடிக்கு 16 அடி. பெரிய கோயில் ஒன்று இடிந்து மிஞ்சிய மூலை! ஆல்ஃபிரிஸ்டனில் பாதிரியாரின் பழைய கூரைவீடு: நேஷனல் டிரஸ்ட் வாங்கிய முதல் கட்டடம், 1896-ல், விலை வெறும் 10 பவுண்டு. தரை எதனால் போட்டது? இடித்த சாக்கும் புளித்த பாலும்! பெரிக் தேவாலயத்தின் சுவர்களில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓவியர்கள் வனேசா பெல்லும் டன்கன் கிராண்டும் படம் வரைந்தார்கள். பைபிள் காட்சிகளுக்குப் பின்னால் தெரிவது பாலஸ்தீனம் அல்ல, சன்னலுக்கு வெளியே இருக்கும் அதே சஸ்ஸெக்ஸ் குன்று.

மேற்கே வாருங்கள், டெவன் மாவட்டத்துக்கு. சாக் முடிந்தது, கருங்கல் தொடங்கியது. டார்ட்மூர்! 954 சதுர கிலோமீட்டர் மூர்: காற்று, பாசி, பீட் எனப்படும் கரிய சேற்று மண், மலையுச்சிகளில் அடுக்கி வைத்தாற்போல் பாறைகள். இதுதான் ஆதி வனாந்தரம் என்று தோன்றும். இல்லவே இல்லை. இங்கே காடு இருந்தது. வெண்கலக் காலத்து மக்கள் வெட்டி மேய்ச்சலாக்கினார்கள். அவர்கள் 3,500 ஆண்டுகளுக்கு முன் போட்ட வயல் வரப்புகள் கிலோமீட்டர் கணக்கில் இன்னும் கிடக்கின்றன!

ஹேடோர் குன்றுக்குப் பக்கத்தில் ஒரு ரயில்பாதை இருக்கிறது. தண்டவாளம் இரும்பு இல்லை, கருங்கல்! 1820-ல் போட்டது. கல் ஏற்றிய வண்டி சரிவில் தானாக இறங்கும். காலி வண்டியைக் குதிரைகள் மேலே இழுக்கும். இந்தக் குன்றின் கல் 1831-ல் திறந்த லண்டன் பாலத்துக்குப் போனது. பாலம் 1968-ல் ஓர் அமெரிக்கருக்கு விலைபோனது. ஆக, டார்ட்மூர் கல் இப்போது அரிசோனாப் பாலைவனத்தில் வெயில் காய்கிறது!

விடிகம்ப் கிராமத்து தேவாலயத்தை 'மூரின் பேராலயம்' என்பார்கள். 1638 அக்டோபர் 21, ஞாயிறு ஆராதனை நேரம். புயல் இருட்டில் ஒரு நெருப்புப் பந்து உள்ளே புகுந்தது! நால்வர் செத்தார்கள், 60 பேர்வரை காயம். பந்து மின்னல் என்கிறார்கள் இன்றைய ஆட்கள். ஊர்க்காரர்கள் விடுவார்களா? சீட்டு விளையாட்டுக்காரன் ஒருவனைப் பிடிக்கச் சாத்தான் குதிரையில் வந்தான், வழியில் மதுக்கடையில் பீர் குடித்தான், அது தொண்டையில் 'சுர்' என்று கொதித்தது என்று இன்றும் கதை சொல்கிறார்கள்.

அதே தேவாலயத்தில் அண்ணாந்து பாருங்கள். கூரையில் மூன்று முயல்கள் வட்டமாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு காது. மொத்தம் எண்ணினால் மூன்றே காது! தாராசுரத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்வதை ரசித்தவர்களுக்கு இந்த விளையாட்டு புரியும். டெவன் தேவாலயங்கள் பலவற்றில் இந்த முயல்கள் உண்டு. சீனாவின் துன்ஹுவாங் குகை ஓவியங்களிலும் இதே முயல்கள், அவை பல நூற்றாண்டு மூத்தவை! பட்டுப்பாதை வழியே வந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். முயல் ஓடிய தூரத்தை நினைத்தால் தலை சுற்றுகிறது.

டார்ட்மூரிலேயே உள்ள பிரின்ஸ்டவுன் தேவாலயத்தைக் கட்டியவர்கள் போர்க் கைதிகள்: நெப்போலியன் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்கள், பிறகு அமெரிக்கர்கள். 1901-ல் அதே ஊரில் தங்கிச் சேற்று நிலங்களைச் சுற்றிப் பார்த்துத்தான் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் ஆசிரியர் கானன் டாயில் 'பாஸ்கர்வில் நாய்' நாவலை எழுதினார். அந்தப் பெயர்கூட ஒரு வண்டிக்காரருடையது!

இனி வடக்கே, வட யார்க் மூரின் ஓரம். ஆகஸ்ட் மாதம் போனால் ஹெதர் பூத்து அடிவானம்வரை ஊதா. அங்கே கர்க்டேல் தேவாலயத்தின் வாசலுக்கு மேல் ஒரு சூரியக் கடிகாரக் கல். இடிந்து கிடந்த கோயிலை வாங்கிப் புதிதாகக் கட்டினேன் என்று ஓர்ம் என்பவர் அதில் பொறித்திருக்கிறார். நார்மன்கள் படையெடுத்த 1066-க்கும் முந்தையது! ஆனால் கல்வெட்டைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். கூப்பிடு தூரத்தில் ஒரு குகை. 1821-ல் கல் உடைத்தவர்கள் அங்கே கிடைத்த எலும்பை மாட்டெலும்பு என்று நினைத்துச் சாலைக் குழியில் கொட்டினார்கள். அது என்ன? யானை, காண்டாமிருகம், நீர்யானை! யார்க்ஷயரில்! நோவா காலத்து வெள்ளம் அடித்துவந்தது என்றுதான் அன்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். வில்லியம் பக்லண்டு என்ற விஞ்ஞானி, அவரும் பாதிரியார்தான், ஒத்துக்கொள்ளவில்லை. உயிருள்ள கழுதைப்புலிக்கு எலும்பு போட்டுக் கடிக்க வைத்தார். பல் தடத்தை ஒப்பிட்டார். அச்சு அசல்! வெள்ளம் எதுவும் கொண்டுவரவில்லை. கழுதைப்புலிகள் அங்கேயே குடியிருந்து, இழுத்து வந்து தின்றிருக்கின்றன.

நடக்க யாரிடம் அனுமதி கேட்பது? கேட்கவே வேண்டாம்! விவசாயியின் வயல் நடுவே போனாலும் பொது நடைபாதை பொது நடைபாதைதான். சும்மா கிடைக்கவில்லை நடக்கும் உரிமை. 1932 ஏப்ரல் 24 அன்று பீக் மாவட்டத்தின் கிண்டர் ஸ்கவுட் மூரில் நூற்றுக்கணக்கானோர் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள்; ஐந்து பேர் சிறை போனார்கள். அந்தப் பகுதியே 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது! நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கூடாரம் போட்டுத் தூங்க டார்ட்மூரில் உள்ள உரிமைக்காக உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போய், 2025 மே மாதம் தூங்குகிறவர்கள் ஜெயித்தார்கள்.

கடைசியாக ஒரு பஸ். சாலிஸ்பரி சமவெளியில் இம்பர் என்ற ஊர். 1943 நவம்பரில், படைப் பயிற்சிக்கு இடம் வேண்டும், கிறிஸ்துமஸுக்குள் காலி செய்யுங்கள் என்றார்கள். போனவர்கள் போனவர்கள்தான், ஊர் இன்றும் ராணுவத்திடம். ஆனால் செயின்ட் கைல்ஸ் தேவாலயம் பிழைத்திருக்கிறது. 2009 முதல் கோடையில் ஒரு நாள் வார்மின்ஸ்டர் ரயில் நிலையத்திலிருந்து லண்டனின் பழைய சிவப்பு மாடி பஸ்கள் வரிசையாக அந்த ஆளில்லா ஊருக்குப் புறப்படுகின்றன! தேதியை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை போனால் உங்களை வரவேற்பது பூட்டிய கேட்டும் 'வெடிக்காத குண்டுகள், ஜாக்கிரதை' என்ற பலகையும்தான்.