நீச்சலும் மேலுதைப்பும்



“மனிதன் நீரில் மிதப்பானா, அமிழ்வானா?” என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் “அமிழ்வான்” என்பீர்கள். ஒல்லியானவர் மிதப்பார், பருத்தவர் அமிழ்வார் என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டும் பிழை. மிதத்தலைத் தீர்மானிப்பது நிறை மட்டுமன்று, அடர்த்தியே. உண்மையில் கொழுப்பின் அடர்த்தி நீரினதை விடக் குறைவு. ஆகவே பருத்தவரே இலகுவாக மிதப்பார்.

நான் கலைப் பட்டதாரி. மேலுதைப்பைப் புத்தகத்தில் படித்து விளங்கியதை விட, முப்பது வயதுக்குப் பின் நீந்தப் பழகியபோது விளங்கியதே அதிகம். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் எங்கள் வீட்டில் பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கம் விடவில்லை. எனவே வளர்ந்தபின், இடுப்பளவு நீரில், சிறு பிள்ளைகளின் சிரிப்புக்கு நடுவே தொடங்க வேண்டியதாயிற்று. நான் விட்ட பிழைகள் எல்லாமே இப்பாடத்துக்குரிய உதாரணங்கள்.

முதலில் கணிப்பைப் பார்ப்போம். ஒருவரின் திணிவு 60 கிலோகிராம் எனின் அவரது நிறை 600 நியூற்றன். மூச்சை நன்றாக உள்ளிழுத்த நிலையில் அவர் உடலின் கனவளவு 61.5 இலீற்றர் எனக் கொள்வோம். முற்றாக அமிழ்ந்தால் அவர் இடம்பெயர்க்கும் நன்னீரின் நிறை 615 நியூற்றன். ஆக்கிமிடிசின் தத்துவப்படி மேலுதைப்பும் அதுவே. நிறையை விட 15 நியூற்றன் அதிகம், ஆகவே மிதப்பார். 3 இலீற்றர் காற்றை வெளிவிட்டால் கனவளவு 58.5 இலீற்றராகும், மேலுதைப்பு 585 நியூற்றனாகும், அமிழ்வார். திணிவில் மாற்றமில்லை, கனவளவே மாறியது என்பதை விடையில் தவறாது குறிப்பிடுங்கள்.

அந்த 15 நியூற்றனைச் சற்று யோசியுங்கள். அது 1.5 இலீற்றர் நீரின் நிறை. அதாவது உடலில் 1.5 இலீற்றர் பகுதி மட்டுமே நீருக்கு மேலே நிற்க முடியும். மனிதத் தலையின் கனவளவோ சுமார் 4 இலீற்றர். பயந்தவர் முதலில் செய்வது என்ன? தலையை முழுவதும் மேலே தூக்குவார். அமிழ்ந்த கனவளவு 57.5 இலீற்றராகி, மேலுதைப்பு 575 நியூற்றனாகக் குறையும். உதவி கேட்டு ஒரு கையை உயர்த்தினால் மேலும் சுமார் 3 இலீற்றர் போய்விடும். கத்தும்போது நுரையீரல் காற்றும் போகும். நீந்தத் தெரியாதவர் தவிக்கத் தவிக்க அமிழ்வதன் காரணம் இதுதான். மாறாக, கைகளை நீருக்குள் வைத்து, காதுவரை தலையை அமிழ்த்தி மல்லாந்து படுத்தால், மூக்கும் வாயும் வெளியே நிற்க அந்த 1.5 இலீற்றர் போதும். இதை நம்ப எனக்கு மூன்று வாரங்கள் சென்றன!

மல்லாந்து படுத்தாலும் கால்கள் மெல்லக் கீழே போகும். நுரையீரல் மார்பில் இருப்பதால் மேலுதைப்பு மார்பை அண்டித் தாக்குகிறது. நிறையோ இடுப்பை அண்டித் தாக்குகிறது. ஒரே கோட்டில் அமையாத இவ்விரு விசைகளும் உடலைத் திருப்பும். கைகளைத் தலைக்கு அப்பால் நீட்டினால் புவியீர்ப்பு மையம் மார்புப் பக்கம் நகர்ந்து திருப்பம் குறையும். குப்புற நீந்துபவர் முன்னே பார்க்காமல் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். தலை உயர்ந்தால் இடுப்பு தாழும். உடல் சரிந்து, நீரின் தடை கூடும். மூச்செடுக்கவும் தலையை உயர்த்தாமல் பக்கவாட்டில் திருப்புவது இதனாலேயே. நீருக்குள் மெதுவாக மூச்சுவிட்டால், திரும்பும் கணத்தில் உள்ளிழுத்தால் மட்டும் போதும்.

கால் அடிப்பது முழங்காலிலிருந்து அன்று, இடுப்பிலிருந்து. கை நீரைப் பின்னே தள்ள, நீர் உங்களை முன்னே தள்ளும். நியூற்றனின் மூன்றாம் விதிக்கு இதை உதாரணமாக எழுதலாம்.

கடல்நீரின் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறத்தாழ 1025 கிலோகிராம். எனவே கடலில் மேலுதைப்பு கூடும். 1971 இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனுக்கும் இந்த வேறுபாடு துணைநின்றிருக்கும். ஆனால் அலையும் நீரோட்டமும் கணிப்பில் வராதவை. நீந்தத் தெரிந்த பெரியவர் அருகில் இல்லாமல் கிணற்றிலோ குளத்திலோ கடலிலோ இவற்றைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

பயிற்சி வினா: 50 கிலோகிராம் திணிவுடைய மாணவியின் கனவளவு, மூச்சை உள்ளிழுத்த நிலையில் 51 இலீற்றர். (அ) நன்னீரில் முற்றாக அமிழும்போது மேலுதைப்பு யாது? (ஆ) 4 இலீற்றர் கனவளவுள்ள தலையை வெளியே உயர்த்தினால் மேலுதைப்பு யாது? (இ) அப்போது அவருக்கு என்ன நிகழும்?

விடை: (அ) 510 நியூற்றன். (ஆ) 470 நியூற்றன். (இ) நிறை 500 நியூற்றன் ஆதலால், 30 நியூற்றன் விளையுள் விசையால் கீழ்நோக்கிச் செல்வார்.