கொடுங்குற்றவாளிக்கும் நட்டஈடா?

கொலைஞனுக்கும் கொள்ளையனுக்கும் அரசு நட்டஈடு கொடுப்பதா? நியூ லின்னில் வாழும் நம்மவரிடையேயும் இக்கேள்வி எழுவதுண்டு.

ஒக்லாந்தின் பரேமொரெமோ சிறையில், நாளொன்றுக்கு 22 மணிநேரத்துக்கும் மேலாகக் கைதிகளைத் தனிமையில் அடைத்து வைத்தனர். இது மனித மாண்புக்கு மாறானது எனக் கண்ட உயர் நீதிமன்றம், 2004இல் ஐவருக்கு 130,000 டொலர் வழங்கத் தீர்ப்பளித்தது. பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். குற்றத்தாற் பாதிக்கப்பட்டோர் அத்தகைய நட்டஈட்டுத் தொகையில் உரிமை கோர 2005ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் தொகையைக் குறைத்தது. ஆயினும் உரிமை மீறப்பட்டதை உறுதிசெய்தது.

பாதிக்கப்பட்டோருக்கு வழிவிட்டது நியாயமே. ஆனால் கைதியின் உரிமையையே மறுத்தல் தகாது. 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை நாம் மறவோம். அவர்களுட் பலர்மீது சுமத்தப்பட்டதும் பயங்கரவாதப் பழியே. கைதி எத்தகையவராயினும், பூட்டிய கதவுக்குப் பின்னால் நிகழ்வதற்கு அரசே பொறுப்பு.