பச்சை குத்தவும் நாள் பார்க்கணும்

எங்கள் நெல்லிக்குப்பத்தில் பைக் வாங்கினாலும் நாள் பார்ப்பார்கள், போர் போட்டாலும் நாள் பார்ப்பார்கள். ஆயுசுக்கும் உடம்பில் இருக்கப்போகிற டாட்டூவுக்கு மட்டும் சம்பளம் கைக்கு வந்த வாரமே போதும். நான் ஓய்வுபெற்ற நர்ஸ். புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டே காலம் தள்ளியவள். ராகுகாலம், எமகண்டமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனாலும் டாட்டூ என்று யார் வந்தாலும் முதலில் காலண்டரைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

ஊசி வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மேல்தோல் மூட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உள்தோல் பழைய நிலைக்கு வர இன்னும் இரண்டொரு மாதம் பிடிக்கும். அந்த நாட்களில் எந்த வெயிலில் நிற்பீர்கள், எந்தத் தண்ணீரில் இறங்குவீர்கள், எந்தத் தூசியில் வேலை பார்ப்பீர்கள் என்பதைப் பொறுத்தே புண் ஆறும்.

என் தம்பி மகன் நெய்வேலி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை செய்கிறான். பண்ருட்டி போய் பஸ் மாறிப் போகிறவன். ஒருநாள் வந்து, "அத்தை, கையில அம்மா பேரு குத்திக்கப் போறேன்" என்றான்.

"எப்போடா?"

"வர்ற ஞாயித்துக்கிழமை."

"திங்கக்கிழமை எந்த ஷிஃப்டு?"

"ஃபர்ஸ்ட் ஷிஃப்டு."

"அப்ப ஞாயித்துக்கிழமை வேணாம். லீவு சொல்லிட்டு வா, பேசுவோம்."

முழுக்கைச் சட்டை, உள்ளே வழியும் வியர்வை, அதன்மேல் படியும் பழுப்பு நிலக்கரித் தூசி. புதுப் புண்ணுக்கு இதைவிடக் கெட்ட இடம் வேறு வேண்டாம்.

உள்ளே நடப்பது

டாட்டூ மெஷினின் ஊசி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தோலைத் துளைக்கிறது. மை போய்ச் சேர்வது மேல்தோலுக்கு அடியில், ஒன்று இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகும். அங்கேயே மை நின்றிருந்தால் அதோடு போயிருக்கும். உள்தோலில் இருக்கும் விழுங்கும் செல்கள் மைத் துகளை அந்நியப் பொருள் என்று பிடித்து விழுங்கிவிடுகின்றன. அவற்றால் அதைச் செரிக்க முடிவதில்லை. அந்த செல் செத்தால் மை வெளியே வரும், பக்கத்தில் புதிதாக வந்த செல் அதை விழுங்கிக்கொள்ளும். பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். நீங்கள் ஆசையாகப் பார்க்கிற பெயரும் பூவும், உடம்பு ஒரு வேண்டாத பொருளைக் கைமாற்றிக் கைமாற்றிக் காவல் காப்பதால் நிற்பவை.

"பாட்டிக்கு ஆறலையா?"

புது டாட்டூவில் மஞ்சள் பூசாதே என்றால் உடனே இந்தக் கேள்வி வரும். எங்கள் பாட்டிகளின் முன்கையில் இருந்த புள்ளிக்கோலமெல்லாம் குறவர் வீட்டுப் பெண்கள் ஊர் ஊராக வந்து குத்தியது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906-இல் வெளியான தன் நூலில் அந்த முறையை எழுதியிருக்கிறார். அகத்தி இலையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். ஊசிகளைச் சேர்த்து நூலால் கட்டிக் குத்துவார்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி மஞ்சள் பூசுவார்கள்.

கழுவியது சரி. மஞ்சளுக்கும் அன்று காரணம் இருந்தது, வேறு மருந்து கைக்கு எட்டவில்லை. இன்று நம் சமையலறை மஞ்சள் டப்பாவில் ஈரக் கரண்டி போய்வருகிறது. அதைத் திறந்த புண்ணில் கொட்டக் கூடாது. ஆறிய கையோடு இருந்த பாட்டியைத்தான் நாம் பார்த்தோம். சீழ் வைத்துப் படுத்தவர்களை யாரும் கணக்கு வைக்கவில்லை. வேப்பிலை விழுது, காபித்தூள், டால்கம் பவுடர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். மெடிக்கலில் கேட்டவுடன் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இன்னும் மோசம். சிவப்பை அடக்கிக் காட்டும், ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

கழுவும் விதம்

கடையில் சுற்றி அனுப்பும் சாதாரண பிளாஸ்டிக் தாளைச் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். செகண்ட் ஸ்கின் என்கிற ஒட்டும் படலம் போட்டிருந்தால் அவர்கள் சொல்லும் நாள்வரை விடலாம். அதற்குள் ஓரம் பிரிந்து அழுக்கு புகுந்தால் எடுத்துவிட வேண்டியதுதான்.

முதலில் உங்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். பிறகு சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றி, வாசனை இல்லாத மென்மையான சோப்பின் நுரையை விரல்நுனியால் தடவுங்கள். பீர்க்கங்கூடும் நாரும் பக்கத்திலேயே வரக் கூடாது. வழவழப்பாகப் படிந்திருக்கும் நீரும் அதிகப்படி மையும் போகும்வரை கழுவினால் போதும். வீட்டில் எல்லோரும் துடைக்கும் துண்டை விட்டுவிட்டு டிஷ்யூ தாளாலோ துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியாலோ ஒற்றி எடுங்கள். காற்றில் கொஞ்சம் உலரவிட்டு, வாசனையில்லாத களிம்பை இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தடவுங்கள். காலையும் மாலையும் செய்தால் போதும், வியர்த்தால் இன்னொரு தடவை கழுவலாம். கடலூர்ப் பக்கத்துப் புழுக்கத்தில் களிம்பை அப்பினால் பொருக்கு ஊறிப்போய் மையோடு பெயர்ந்து வரும்.

முதல் இரண்டு மூன்று நாள் தலையணை உறையில் கறுப்புக் கறை படியலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். நான்காம் நாள் வாக்கில் அரிப்பு தொடங்கும், வெயிலில் உரிந்த தோல் மாதிரி கறுப்புச் செதில்கள் கிளம்பும். நகம் படக் கூடாது. தாங்க முடியாவிட்டால் உள்ளங்கையால் லேசாகத் தட்டலாம், சுத்தமான ஈரத்துணியை வைக்கலாம். உரிந்த இடம் மங்கலாகத் தெரிகிறதே என்று மறுபடி கடைக்கு ஓடாதீர்கள். தோல் முழுக்க ஆறிய பிறகுதான் டச்-அப்.

எந்த நாள் ஆகாது

தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றுத் திருவிழா. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடலில் தீர்த்தவாரி. விடுமுறை என்றால் சில்வர் பீச். இவற்றுக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் குத்திக்கொண்டால் கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 31 வயதுக்காரர் ஒருவர் டாட்டூ குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி புண் வழியே புகுந்ததால் இறந்துபோனார். அவருக்கு ஏற்கெனவே ஈரல் நோய் இருந்தது. 2017-இல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. ஆறு, குளம், கிணறு எதிலும் ஆறாத டாட்டூவை ஊறவிடக் கூடாது.

அக்னி நட்சத்திரமும் ஆகாது. சன்ஸ்கிரீனைத் திறந்த புண்ணில் பூச முடியாது, தளர்ந்த பருத்திச் சட்டைதான் அதுவரை நிழல்.

நாள் மட்டுமல்ல, இடமும் பார்க்கணும். நெய்வேலியில் காவலுக்கு நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். படையில் சேர ஆசைப்படும் பையன்கள் எங்கள் பக்கம் நிறைய. மத்திய ஆயுதப் படைகளில் சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கையில்தான் டாட்டூவுக்கு அனுமதி. அதுவும் அந்த உறுப்பின் கால்பங்குக்குள் இருக்க வேண்டும். ரத்ததானம் செய்கிறவர்கள் டாட்டூ குத்திய பிறகு ஓராண்டு காத்திருக்க வேண்டிவரும்.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

மூன்று நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவினால், தொட்டால் சுட்டால், சீழ் வந்தால், சிவப்புக் கோடு மேலேறினால், காய்ச்சல் அடித்தால் கடைக்காரரிடம் போட்டோ அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகளும், காது குத்திய இடத்தில்கூடத் தழும்பு தடித்து வளர்கிற உடம்புக்காரர்களும் குத்துவதற்கு முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும். ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், மையைப் புதுக் குப்பியில் ஊற்ற வேண்டும். ஊருக்கெல்லாம் ஒரே ஊசி போடும் திருவிழாக் கடையில் மஞ்சள்காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் கைமாறலாம். அதை எந்தக் களிம்பும் ஆற்றாது.

என் தம்பி மகன் தள்ளிப்போட்டிருக்கிறான். காண்ட்ராக்ட் ஆளுக்கு லீவு எடுத்தால் அன்றைய கூலி கிடையாது. அதனால் டாட்டூ கடைக்காரர் கேட்கும் தொகையோடு, வீட்டில் இருக்கப்போகும் நாட்களின் கூலியையும் சோப்பு, களிம்புச் செலவையும் சேர்த்து எழுதச் சொன்னேன். எழுதிப் பார்த்தவன், "இந்த மாசம் கட்டுப்படியாகாது அத்தை" என்றான். "அப்ப நாள் இன்னும் வரலைடா" என்றேன்.