பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புத்துயிர்



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்த நம்மவர் இல்லங்களில், விற்க மனம் வராமல் போற்றி வைத்திருக்கும் பொருள் ஒன்றேனும் இருக்கும். சில வீடுகளில் அது பாட்டியாரின் வெண்கலப் பானை; சில வீடுகளில் தந்தையார் ஓட்டிய மோட்டார் சைக்கிள். தாழ்வாரத்தின் மூலையில் கோணியால் மூடப்பட்டுத் துருவேறிக் கிடக்கும் அவ்வண்டியை வீட்டிலேயே செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்வது எவ்வாறு என்பதை இங்கே ஆராய்வோம்.

இதற்குப் பெங்களூர்ப் பிரேசர் டவுனைக் களமாகக் கொள்வது பொருத்தமாகும். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை பெங்களூரில் தண்டு அமைத்தபோது, அதனைச் சார்ந்து தமிழ் மக்கள் பலர் இங்குக் குடியேறினர். 1898இல் கொள்ளை நோய் பரவிய பிறகு, தண்டுப் பகுதியின் நெருக்கடியைத் தணிக்கப் புதிய குடியிருப்புகள் வேண்டியிருந்தன. அவ்வாறு 1910இல் தோன்றியதே பிரேசர் டவுன். மைசூர் அரசர் நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசானாகவும், பின்னர் ரெசிடெண்டாகவும் விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் இதற்கு இடப்பட்டது. புலிகேசி நகர் என்னும் பெயர் பிற்காலத்தில் வந்தது.

இவ்வூரில் இருவகைப் பழைய வண்டிகளைக் காணலாம். ஒன்று, 1955இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனம் சென்னைத் திருவொற்றியூரில் செய்த புல்லட். மற்றொன்று, ரஸ்டம் ஈரானியும் பாரூக் ஈரானியும் மைசூரில் நிறுவிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் வண்டி. செக்கோஸ்லோவாகிய நாட்டு ஜாவாவை முன்மாதிரியாகக் கொண்டு 1961இல் அங்கு உற்பத்தி தொடங்கியது. 1973 முதல் யெஸ்டி என்னும் பெயர் வழங்கியது. 1996இல் ஆலை மூடப்பட்டது. நாம் இங்கு 250 சி.சி. ஜாவாவையே சிறப்பாக எடுத்துக்கொள்வோம்.

செப்பனிடத் தொடங்குமுன் கையில் எடுக்க வேண்டியது ஸ்பேனர் அன்று. பதிவுப் புத்தகமே ஆகும். வண்டியின் சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் அப்புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். துருவைச் சுரண்டும்போதும் வர்ணம் தீட்டும்போதும் இவ்வெண்கள் அழிந்துவிட்டால், எவ்வளவு அழகாகப் புதுப்பித்தாலும் அவ்வண்டி சட்டத்தின் முன் உரிமையற்ற பொருளாகிவிடும். ஆகவே அவற்றை முதலில் படம் எடுத்து, அவ்விடங்களை ஒட்டுத்தாளால் மூடிவிடுவது அறிவுடைமை.

வேறு மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்கு முதலில் பதிவு செய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. தந்தையார் காலமாகியிருப்பின், உடைமையை வாரிசின் பெயருக்கு மாற்றுவதும் அவசியம். ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021இல் தனிப் பதிவு முறை வந்தது. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் காட்சிக்கும் ஊர்வலத்திற்கும் அவை போன்ற தேவைகளுக்குமே வெளியே கொண்டு செல்லலாம்; அன்றாடம் ஓட்ட விரும்புவோர் பழைய பதிவைப் புதுப்பித்துக் கொள்வதே நலம்.

இனி எஞ்சினைப் பார்ப்போம். நெடுநாள் நின்ற வண்டியைக் கண்டவுடன் கிக்கரை ஓங்கி மிதிப்பது பலருடைய வழக்கம். அது பெரும் தவறு. சிலிண்டரில் பிஸ்டன் துருவால் பற்றிக்கொண்டிருந்தால், வலிந்து மிதிப்பதால் வளையங்கள் உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது எண்ணெய் ஊற்றி, ஓரிரு நாள் ஊறவிடவேண்டும். பின்னர் மேல் கியரில் வைத்துப் பின்சக்கரத்தை மெல்ல உருட்டினால், பிஸ்டன் இளகியதா என்பது புலப்படும்.

ஜாவா இருவீச்சு எஞ்சின் உடையது. புல்லட்டுக்கு எண்ணெய் தனியே சுழல்கிறது. ஜாவாவிலோ பெட்ரோலோடு கலந்த எண்ணெயே எஞ்சினுக்கு வழவழப்பைத் தருகிறது. நெடுங்காலமாக வழங்கிய அளவு இருபத்தைந்துக்கு ஒன்று. அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டர் எண்ணெய். இவ்வகை எஞ்சினில் கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் புகுந்து, அங்கே அழுத்தம் பெற்று, பிறகே மேலே ஏறுகிறது. ஆதலால் அவ்வறையின் ஆயில் சீல்கள் பழுதின்றி இருத்தல் இன்றியமையாதது. இறுகிப்போன சீல் வழியே காற்று புகுந்தால், கலவையில் பெட்ரோலும் எண்ணெயும் குறைந்து, சூடு மிகுந்து, ஓடும்போதே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். சக்கரம் அசையாமல் நின்று, ஓட்டுபவர் கீழே விழவும் நேரிடும். சில நூறு ரூபாய்ச் சீலை மாற்றாமல் பளபளக்கும் வர்ணத்திற்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவது, அஸ்திவாரத்தை மறந்து மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலாகும்.

பெட்ரோல் டாங்கின் உட்புறத் துருவை, சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவி அகற்றலாம். காலியான டாங்கிலும் ஆவி தங்கியிருக்கும். அதனருகே நெருப்பைக் கொண்டு செல்லலாகாது. இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு இருபது வரை கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களை ஊறச் செய்து கெடுக்கும். ஆகவே குழாய்களை மாற்றுவதோடு, ஓட்டாத நாட்களில் கார்புரேட்டரை வடித்து வைத்தலும் வேண்டும்.

பிரேக் டிரம்மில் படிந்த தூசியை வாயால் ஊதலாகாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அது நுரையீரலுக்குப் பகை. ஈரத்துணியால் துடைப்பதே முறை. டயரின் கொட்டைகள் தேயாதிருப்பினும், ரப்பர் வெடித்திருந்தால் தயங்காமல் மாற்றவேண்டும். மின்கம்பிகளின் மேலுறை உதிர்ந்திருந்தால், தீ விபத்தைத் தவிர்க்க முழுவதையும் புதிதாக இழுத்துவிடுவது நன்று.

சிலிண்டருக்குப் போர் போடுதல், கிராங்கைச் சீராக்குதல் ஆகியவை லேத் பட்டறைக்கு உரியவை; ஏனையவற்றைப் பொறுமையுள்ள எவரும் வீட்டிலேயே செய்யலாம். கழற்றும் ஒவ்வொரு திருகையும் தனிப் பையில் இட்டுப் பெயர் எழுதி வைத்தால், பூட்டும்போது பாதி உழைப்பு மிச்சமாகும். உதிரிப் பாகங்களுக்கு ஜே.சி. ரோட்டுக் கடைகளை நாடலாம். ஆனால் புதிய பாகம் கிடைக்கிறது என்பதற்காகப் பழையதை எறிந்துவிடக்கூடாது. கிக்கரே கியர் நெம்புகோலாகவும் பயன்படும் ஜாவாவின் அமைப்பு, முழங்கால் பட்டுப்பட்டு மங்கிய டாங்க், இவையெல்லாம் அவ்வண்டியின் வரலாறு. உயிர்க் காப்புக்குரிய பாகங்களில் சிக்கனம் வேண்டாம். தோற்றத்திற்குரியவற்றில் அவசரம் வேண்டாம். இதுவே விதி.

பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு ஞாயிறுதோறும் சிறிது சிறிதாக இப்பணியைச் செய்யலாம். தந்தையார் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எவ்வண்ணம் இங்கு வந்தார் என்பதை அவர்கள் அப்போது கேட்பார்கள். அதனைச் சொல்வதற்கு அதைவிட நல்ல வேளை வாய்ப்பது அரிது.