உங்களுக்குத் தெரியுமா? ஆண்களும் பாதிக்கப்படுகிறார்கள்

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 சதவீதம் பேர் சிறுவர்கள். பாதிக்கும் மேல்! ‘பையன்தானே, அவனுக்கென்ன பயம்?’ என்று நாம் சொல்லியே எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறோமோ.

18 வயதுக்குட்பட்ட இருபாலரையும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் காக்கிறது. வயது வந்த ஆணின் நிலை வேறு. பாலியல் வல்லுறவில் பாதிக்கப்படுபவர் பெண் என்றே நம் சட்டம் வரையறுக்கிறது. முன்பு ஆண்கள் புகார் கொடுக்க இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவாவது இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377க்கு இணையான பிரிவே இல்லை. இன்று அப்படிப் பாதிக்கப்பட்ட ஆண் ஒருவர் காவல் நிலையப் படியேறினால், காயம் ஏற்படுத்தியது, மிரட்டியது போன்ற பிரிவுகளில்தான் வழக்குப் பதிய முடியும்.